இங்கு காத்திருந்து தரப்படும்

கோபிசெட்டிப்பாளையம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில், மற்றவர்களுக்காகக் காத்திருக்கும் அலுவலகம் இருக்கிறது. ‘இங்கு காத்திருந்து தரப்படும்’ என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். மகனுடைய போன், மழை, பட்டா மாறுதல், மாப்பிள்ளை வீட்டுப் பதில் என்று எதுவானாலும் சொல்லிவிட்டு, டோக்கன் வாங்கிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடலாம். உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து ஒருவர் காத்திருப்பார். வர வேண்டியது வந்ததும் நேராக டோக்கன்காரரிடம் போய்ச் சேர்ந்துவிடும்.

செல்வநாயகி அங்கே கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை பார்த்தாள். வேலைக்கு விதிகள் அதிகமில்லை. இரண்டு பாதமும் தரையில் பட உட்கார வேண்டும், வாசலைப் பார்க்க வேண்டும், வேறெதையும் நினைக்கக் கூடாது. கேட்கச் சுலபமாகத்தான் இருக்கும். சுலபம் என்று நம்பி வந்தவர்களில் பாதிப் பேர் முதல் வாரத்திலேயே ஓடிப்போனார்கள். ஒருவன் காத்திருக்கும்போது கிரிக்கெட்டை நினைத்துத் தொலைத்ததில், கல்யாண வீட்டுக்கு வர வேண்டிய மேளக்காரர்களுக்குப் பதிலாகப் பதினொரு ஆட்டக்காரர்கள் வந்து பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். செல்வநாயகியிடம் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அவள் உட்கார்ந்தால் மழைக்குக்கூட வேறு வழி கிடையாது.

இருந்தும் அந்த வேலை அவளுக்குப் பிடிக்கவில்லை. எத்தனையோ மாடுகள் கன்று ஈனக் காத்திருந்திருக்கிறாள். ஒரு கன்றின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. வந்ததெல்லாம் அடுத்தவர் வீட்டுக்கே போனது. சாயங்காலம் படியிறங்கும்போது அவளுக்குள் காத்திருப்பு என்று ஒரு சொட்டுக்கூட மிச்சமிருக்காது.

அதனால் அவள் வீட்டுக்கு எதுவும் வருவதில்லை. பாலை அடுப்பில் வைத்தால் சூடாகுமே தவிர பொங்காது. உறை ஊற்றிய பால் மறுநாளும் பாலாகவே இருக்கும். மாவு புளிக்காது. காத்திருக்க ஆளில்லாத வீட்டில் அதெல்லாம் எப்படி நடக்கும்? தயிரும் மாவும் கடையில் கிடைத்ததால் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மகளுக்குப் பல் கடையில் கிடைக்காதே.

யாழிசை இரண்டாம் வகுப்புப் படித்தாள். மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் ஐப்பசியில் விழுந்தன. சித்திரை பிறந்தும் முளைக்கவில்லை. வகுப்பில் மற்ற பிள்ளைகளெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு திரிய, இவள் மட்டும் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பல் டாக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, “வீட்டுல யாராச்சும் காத்திருக்கீங்களா?” என்று கேட்டார். செல்வநாயகி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அவள் கணவன் தங்கராசு மஞ்சள் மண்டியில் கணக்குப் பார்ப்பவன். நல்ல மனுசன், குறை சொல்ல முடியாது. ஒருநாள் மண்டியிலிருந்து வந்ததும் மகளுக்கு எதிரே நாற்காலி போட்டு, பல்லுக்காகக் காத்திருக்க உட்கார்ந்தான். உட்கார்ந்த சூட்டிலேயே தூங்கிவிட்டான். அவன் தூக்கத்தில் காத்திருந்ததற்கு விடிகாலைதான் வந்தது.

“அம்மா, எனக்கு எப்ப வரும்?” என்று யாழிசை கேட்டாள்.

“வரும் கண்ணு,” என்றாள் செல்வநாயகி. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் வரவழைத்துக் கொடுக்கிறவள், பெற்ற பிள்ளைக்கு இரண்டு பல்லை வரவழைக்க முடியவில்லை என்றால் என்ன பிழைப்பு இது?

மறுநாள் மேலாளர் குழந்தைவேலு முன்னால் போய் நின்றாள்.

“வேலைய உட்டுடலாமான்னு இருக்குதுங்க.”

“உடலாமுங்க அம்மிணி. முடிவு வந்துருச்சுங்களா?”

“இன்னும் வரலீங்க.”

“அப்ப அதுக்கு யாராச்சும் காத்திருக்கோணுமில்லீங்களா?”

நியாயமான கேள்வி. செல்வநாயகியிடம்தான் காத்திருப்பு மிச்சமில்லையே. அவர் அவளுக்கும் ஒரு டோக்கன் கொடுத்து, அந்த வேலையைப் பக்கத்து நாற்காலி தெய்வானை அக்காவிடம் ஒப்படைத்தார். தெய்வானை அக்கா செருப்பைக் கழற்றி, பாதங்களைத் தரையில் பதித்து, செல்வநாயகியின் முடிவுக்காகக் காத்திருக்கத் தொடங்கினாள்.

அது லேசில் வரவில்லை. செல்வநாயகிக்கும் அது ஏன் என்று தெரியும். வேலையை விட்டால் ‘சும்மாதான் இருக்கிறாள்’ என்று தெருவில் சொல்வார்கள். அவள் கைராசிக்காரி என்று பேர் வாங்கியவள். அவள்தான் காத்திருக்க வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் இருந்தார்கள். அதை விட மனசு வரவில்லை. தெய்வானை அக்காவோடு பகிர்ந்து தின்கிற மதியச் சோற்றையும் விட மனசு வரவில்லை.

இதற்கிடையில் சென்னியப்பன் வந்தார். எழுபதைத் தாண்டியவர், பல் போனவர். மஸ்கட்டிலிருக்கும் மகன் போன் பண்ண வேண்டும் என்று டோக்கன் வாங்கிப் போனார். செல்வநாயகி உட்கார்ந்தாள். போனைத்தான் நினைத்தாள். ஆனால் அன்று காலையில் யாழிசை ஒரு கொய்யாக்காயைக் கடைவாயில் வைத்து மல்லுக்கட்டியது கண்ணுக்குள்ளேயே நின்றது. ஒரு நொடி, அவ்வளவுதான், மனசு அந்தப் பக்கம் போய்விட்டு வந்தது.

மறுநாள் சென்னியப்பன் மூச்சு வாங்க மாடியேறி வந்து வாயைத் திறந்து காட்டினார். மேல்வரிசையில் இரண்டு புதுப்பற்கள். வெள்ளை வெளேரென்று, விளிம்பு ரம்பம் மாதிரி இருந்தது. ஒரு பல் லேசாக இடப்பக்கம் சாய்ந்திருந்தது. தங்கராசுவின் வீட்டில் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

“போன் வரலீங்க அம்மிணி. இது வந்துச்சு. பரவால்லீங்க, சௌரியமாத்தான் இருக்குது.”

“வந்ததத் திருப்பி வாங்கறதில்லீங்க,” என்றார் குழந்தைவேலு. அதுவும் பலகையில் இருந்தது.

“நான் எங்கீங்க திருப்பித் தாரேன்னு சொன்னேன்? போனும் வந்தாச் சந்தோசமுங்க.” சென்னியப்பன் பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு முறுக்கை எடுத்தார்.

செல்வநாயகி மறுபடி பாதங்களைத் தரையில் வைத்து அவருடைய போனுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தாள். அவர் முறுக்கைக் கடித்தார். மகளுடைய பற்கள் கடிக்கிற சத்தத்தை அவள் முதன்முதலாகக் கேட்டாள். நல்ல திடமான பற்கள். அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. அவர் இரண்டாவது முறுக்கை எடுத்தபோது செல்வநாயகி எழுந்து நின்றாள். காத்திருப்பின் நடுவில் எழுந்தவர்கள் அந்த அலுவலகத்தில் அதுவரை யாரும் இல்லை.

அதே நேரத்தில் பக்கத்து நாற்காலியில் தெய்வானை அக்காவும் எழுந்தாள்.

“வந்துருச்சு அம்மிணி,” என்று சொல்லிச் செல்வநாயகியின் கையைப் பிடித்து அழுத்தினாள். கை சூடாக இருந்தது. செல்வநாயகி டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படியிறங்கினாள். சென்னியப்பனின் போனுக்குக் காத்திருக்கும் வேலையைத் தெய்வானை அக்கா எடுத்துக்கொண்டாள். அது அன்றைக்கே வந்ததாம். ‘அப்பா, இப்பத்தான் நீங்க பேசறது புரியுது’ என்றானாம் மகன்.

அடுத்த நாள் யாழிசையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, சமையலறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள் செல்வநாயகி. முதலில் மாவு புளித்துப் பாத்திரத்தின் மூடியைத் தூக்கியது. தயிர் உறைந்தது. பால் பொங்கி அடுப்பை அணைத்தது. அவள் எழுந்து துடைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். மதியத்துக்கு மேல், போன வருசம் ‘இந்தா வர்றேன்’ என்று சொல்லிப் போன எலக்ட்ரீசியன் வந்து மின்விசிறியைச் சரிசெய்தான். தீபாவளிக்கு வருவதாகச் சொல்லியிருந்த நாத்தனார் அதிரசத்தோடு வந்து, அழுது, காபி குடித்துவிட்டுப் போனாள்.

பள்ளி விட்டு வந்த யாழிசை வாய் கொப்பளிக்கும்போது பற்கள் முளைத்தன. கொஞ்சம் பெரிய பற்கள், வெற்றிலைக் கறையோடு. சென்னியப்பனுக்கு எப்போதோ விழுந்த பற்கள், அவருக்கு இனித் தேவைப்படாதுதான். செல்வநாயகி கரித்தூள் வைத்துத் தேய்த்ததும் கறை போய்விட்டது. யாழிசை கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். பிறகு ஒரு கொய்யாக்காயை எடுத்து முன்பல்லாலேயே கடித்தாள். செல்வநாயகிக்குக் கண்ணீர் வந்தது. இத்தனை வருசத்தில் அவள் காத்திருந்து அவள் மகளுக்கென்று வந்த முதல் பொருள் அது. இனி தெரு என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று இருந்தது.

ஆனால் அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. ஒருநாள் முழுக்கக் காத்திருந்தும் உள்ளே இன்னும் நிறைய மிச்சமிருந்தது. எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. சும்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கராசு மண்டியிலிருந்து வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

விளக்கு வைக்கிற நேரத்தில் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. யாழிசையைவிடச் சின்னவளாக ஒரு பெண்குழந்தை, யூ.கே.ஜி. சீருடையில், ரெட்டைச் சடையோடு உள்ளே வந்து ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தாள். சாப்பாட்டுக் கூடையில் ‘நறுமுகை’ என்று எழுதியிருந்தது. இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம் என்று ஒருகாலத்தில் செல்வநாயகியும் தங்கராசுவும் பேசிக்கொண்டபோது எடுத்து வைத்த பெயர் அது. பேசியதோடு சரி, அதற்கெல்லாம் நேரம் இருக்கவில்லை.

“கை கால் கழுவிட்டு வா கண்ணு,” என்றாள் செல்வநாயகி. யாழிசை பாயில் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள்.

“நாளைக்கு டிராயிங் நோட்டு கொண்டாரோணும்னு மிஸ் சொன்னாங்க,” என்றாள் சின்னவள்.

தங்கராசு ஆணியில் மாட்டிய சட்டையை எடுத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பினான்.