நம்பிராஜன் அண்ணாச்சியின் பெயர் நீக்கம்

எங்கள் பகுதியில் செத்தவர்கள், வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படும்வரை வீட்டிலேயேதான் இருப்பார்கள். நீக்குவது வருஷத்துக்கு ஒரு தடவை. நவம்பரில் வரைவுப் பட்டியல் ஒட்டுவோம். டிசம்பர் கடைசி ஞாயிறு மாலை ஐந்து மணிவரை மனு வாங்குவோம். ஜனவரி ஐந்தாம் தேதி இறுதிப் பட்டியல் வந்ததும் அவரவர் கிளம்பிவிடுவார்கள். விவரம் தெரிந்தவர்கள் அக்டோபரில் சாவார்கள்.

நான் அங்கன்வாடி டீச்சர். பதினோரு வருஷமாக இந்த நாலு தெருவுக்கும் பட்டியல் பார்ப்பது நான்தான். ஆயிரத்து நாற்பத்தாறு பேர், ஒரு பிழை காட்டுங்கள் பார்ப்போம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு தாசில்தார் ஏழு வருஷமாகக் கிளம்ப முடியாமல் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். என்கிட்ட அந்தப் பேச்சே கிடையாது. என் தெருக்களில் ஒருத்தர்கூடக் கெடு தாண்டி இருந்ததில்லை. சும்மா சொல்லவில்லை, பதிவேடு இருக்கிறது.

நம்பிராஜன் அண்ணாச்சி பஸ் கண்டக்டராக இருந்தவர். போன வருஷம் ஜனவரி ஒன்பதாம் தேதி இறந்தார். இறுதிப் பட்டியல் வந்து நாலே நாள். பாவம், வருஷம் முழுக்கக் காத்திருந்தார். டிசம்பர் கடைசி ஞாயிறு காலையில், மனு வாங்குகிற முகாமுக்கு முதல் ஆளாக வந்து, பெயர் நீக்கும் படிவத்தை நீட்டினார். இறப்புச் சான்றிதழ் நகலும் வைத்திருந்தார். எல்லாம் சரி, கையெழுத்துதான் தப்பு. செத்தவர் தன் பெயரைத் தானே நீக்கச் சொல்ல முடியாது. அதே வீட்டில் இருக்கிற வாக்காளர் போட வேண்டும். அவர் வீட்டில் மனைவி செல்லத்தாய் அக்காவை விட்டால் வேறு ஆள் இல்லை.

அவள் போட மாட்டேன் என்கிறாள், டீச்சர் என்றார். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு ஸ்டாண்டில் நிற்பது மாதிரி இருக்கிறது, அலுத்துப்போச்சு என்றும் சொன்னார்.

பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நேரே அக்காவிடம் போனேன். அவர் புளி கரைத்துக்கொண்டே பேசினார். முப்பத்திநாலு வருஷம் விடியக்காலை நாலரைக்கு ட்யூட்டி என்று போன மனுஷன். லீவு நாளிலும் ஓவர்டைம். ரிட்டயர் ஆன மறுவாரமே மினி பஸ்ஸில் ஏறிக்கொண்டார். இந்த ஒரு வருஷமாகத்தான் வீட்டில் இருக்கிறார், எதிரில் உட்கார்ந்து நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறார், அதையும் பிடுங்கப் பார்க்கிறாயே என்றார்.

அக்கா சொன்னது நியாயம்தான். நியாயம் என்றால் ஆச்சா, கெடு கெடுதான். கையெழுத்து விழாவிட்டால் அண்ணாச்சி இன்னொரு வருஷம் நிற்க வேண்டும், என் பதினோரு வருஷத்துப் பேரும் கெட்டுப்போகும். இரண்டையும் மறைக்காமல் சொல்லிவிட்டு வந்தேன்.

நாலு ஐம்பதுக்கு இருவரும் முகாமுக்கு வந்தார்கள். அக்கா என்னிடம் பேனா வாங்கிக்கொண்டார். படிவத்தின் மேல் கையை வைத்தபடி புருஷனைப் பார்த்தார்.

“ஒரு நாளாவது எங்கிட்ட சொல்லிட்டுக் கெளம்பிருக்கியளா? இன்னைக்காவது சொல்லுங்க. போட்டுத்தாரேன்.”

நான் எல்லாரிடமும் சொல்வதை அண்ணாச்சியிடமும் சொன்னேன். இந்த மேசைக்கு முன்னால் பேசுவதெல்லாம் வாக்குமூலம், பொய் சொன்னால் தண்டனை உண்டு. போகிறேன் என்று மட்டும் சொன்னால் பொய்யில்லை. ஆனால் எந்த வீட்டில் அப்படிச் சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள்? அண்ணாச்சி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு ஐம்பத்தேழு.

“போயிட்டு வாரேன், செல்லா.”

அக்கா கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு பையிலிருந்து இன்னொரு படிவத்தை எடுத்தார். புதிதாகப் பெயர் சேர்க்கிற படிவம். நம்பிராஜன் என்று நிரப்பியே கொண்டுவந்திருந்தார். வாரேன் என்றவரைச் சேர்க்காமல் விட்டால் வாக்குமூலம் பொய்யாகிவிடும் அல்லவா? பெயர் சேர்ப்பதற்கு அடுத்த தேதி ஏப்ரல் ஒன்று. அதற்குக் குறித்துக்கொண்டு, இரண்டு மனுவுக்கும் சீட்டு கிழித்துக் கொடுத்தேன். ஐந்து மணிக்குப் பெட்டியைப் பூட்டினேன்.

ஜனவரி ஐந்தாம் தேதி காலை அண்ணாச்சி தேய்த்த காக்கிச் சட்டையில் கிளம்பினார். அக்கா தெருமுனை வரைக்கும் கூடப் போய்த் திரும்பினார். எனக்கு வருத்தம்தான், ஆனால் வேலை சுத்தமாக முடிந்திருந்தது.

ஏப்ரல் ஒன்றாம் தேதி சரிபார்க்கப் போனேன். புதிதாகச் சேருகிறவர்கள் பதினெட்டு வயதில்தான் வருவார்கள். அவரும் அப்படித்தான் வந்திருந்தார். மீசை சரியாக முளைக்கவில்லை. விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி என்று கூப்பிட வாய் வரவில்லை, தம்பி என்றேன். அக்கா தட்டில் மூன்றாவது தோசையை வைக்க, எதற்கு உங்களுக்குச் சிரமம் என்று அவர் கூச்சப்பட்டார்.

அக்கா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார். முகம் நன்றாகத்தான் இருந்தது.

“என்னைய யாருன்னு தெரியல டீச்சர். கல்யாணத்தப்பதான மொதமொத பாத்தாக, அப்ப அவுகளுக்கு இருபத்தாறு. எட்டு வருசம் என்ன, ஓடிரும். வீட்டுலதான இருக்காக.”

உறவுமுறை என்ற கட்டத்தில் ‘மனைவி’ என்று எழுதி, ‘எட்டு வருஷம் கழித்து’ என்று பக்கத்தில் சேர்த்தேன். இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.