பாக்கியரத்தினத்தின் கடைக்குள் வந்த கடல்

குலசிங்கத்தாரின் நாவல்களில் கடல் உயராத நாவலே கிடையாது. நான்கு எழுதியிருந்தார். நான்கிலும் பனிமலை உருகியது, மழை பருவம் தவறியது, கடைசியில் திருகோணமலை கடலுக்குள் மூழ்கித் தாண்டது. சம்பூர்ப் பக்கம் ஷெல் முழங்கிக்கொண்டிருந்த இரண்டாயிரத்து ஆறில் இதை யார் வாசிப்பது? சனம் அவரைக் கண்டால் ஒன்றுதான் கேட்கும்: “ஐயா, நாளைக்கு மழையோ? மிளகாய் காயப்போடவேணும்.”

நில அளவைக் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வரைபடத்தோடு திரிந்தால் சோதனைச்சாவடியில் பதில் சொல்ல ஏலாது என்பதால், ஊரின் மேடுபள்ளம் முழுவதையும் தலைக்குள் வைத்திருந்தார். அவருடைய கடல் கண்டபடி வராது. பள்ளம் பார்த்துத்தான் வரும்.

ஐந்தாவது நாவல் அச்சுக்குக் காத்திருந்தது. குறை ஒன்றுதான்: முதற்பிரதி வாங்க ஒரு முதலாளி. நூல் வெளியீட்டுக்கு அத்திவாரமே அவர்தான். மேடையில் முதற்பிரதியை நெஞ்சோடு அணைத்துப் படம் எடுத்துக்கொண்டு, பதிலுக்குக் கனமான உறை ஒன்றைக் கொடுப்பார். அது நேரே அச்சகத்துக்குப் போகும். உறை இல்லையென்றால் புத்தகமும் இல்லை. வாங்கியதை அவர் வாசிக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இதுவரை எவரும் வாசித்ததும் இல்லை.

இந்த முறை கேட்டுவைத்திருந்த இரும்புக்கடைப் பாக்கியரத்தினம் வாசித்துவிட்டார். ஊரடங்கு, கரண்டும் இல்லை. குலசிங்கத்தார் மரியாதைக்குக் கொடுத்துவைத்த, அச்சுக்கு முந்தைய மாதிரிப்படிதான் வீட்டில் கையில் அகப்பட்டது.

ஊரடங்கு தளர்ந்ததும் குலசிங்கத்தாரின் வீட்டுக் கதிரையில் வந்து இருந்தார்.

“அண்ணை, மூண்டாம் அத்தியாயத்தில என்ட கடையை ஏன் தாட்டனீங்கள்?”

“நானோ தாட்டது? கடலெல்லோ.”

“சீமெந்து மூட்டையெல்லாம் கல்லாப் போச்செண்டு எழுதியிருக்கிறியள். அந்தக் கடைதான் மகளுக்குச் சீதனம். மாப்பிள்ளையும் விழாவுக்கு வாறார். அவர் புத்தகம் வாசிக்கிற பெடியன் வேற!”

“உங்கட கடைதான் பள்ளம், முதலாளி.”

“தாஹிர் நானாட புடவைக்கடைப் பக்கத்தால வரட்டுமன்.”

“அது மேடு. கடல் மேட்டில ஏறி, இளைப்பாறி, பிறகு இறங்கி வருமோ?”

முதலாளி சால்வையை மடியில் போட்டுக்கொண்டு பேரத்தைத் தொடங்கினார். கூரைவரை நின்ற தண்ணீரை இடுப்புக்குக் கேட்டார். குலசிங்கத்தார் வாய் தவறிக் கழுத்துக்கு இறங்கினார். பிறகு தன்மேலேயே கோபம் வந்து கூரைக்குத் திரும்ப ஏறினார்.

“முழங்கால், அண்ணை. இதுதான் கடைசி விலை.”

“கடலுக்குக் கடைசி விலை இல்லை.”

“அப்ப முதற்பிரதிக்கு வேற ஆளைப் பாருங்கோ.”

மனைவி புஷ்பவதி குசினிக்குள் இருந்து கேட்டாள்: “முழங்காலெண்டு எழுதினால் கடல் வந்து உங்களோட சண்டைபிடிக்குமோ?”

எழுதியும் பார்த்தார். முழங்கால் தண்ணீருக்குப் பயந்து அடுத்த பக்கத்தில் ஊரே கூரையில் ஏறி நின்றது. வெட்டிவிட்டு, தாஹிரிடம் போனார்.

தாஹிர் மூன்றாம் அத்தியாயத்தை நின்றபடியே வாசித்தார். முகம் வாடியது.

“என்ட கடைக்கு ஒரு சொட்டும் வரல்லியே, சேர்?”

“மேடு, நானா. சந்தோசப்படுங்கோ.”

“என்ன சந்தோசம்? சுனாமிக்கும் இப்பிடித்தான் தப்பினன். நனைஞ்ச கடைக்கெல்லாம் நிவாரணம் வந்திச்சி. என்னை, நீங்க நனையல்ல எண்டு அனுப்பிட்டாங்க. எழுத்தில ஒருக்கா நனைஞ்சி வெச்சிருந்தா நல்லம். கொஞ்சம் விடுங்க, சேர்.”

ஏலாது என்று சொல்ல வாயெடுத்தவருக்கு ஒன்று ஞாபகம் வந்தது. கடையின் பின்பக்கக் களஞ்சியம் வாய்க்கால் பக்கம் சரிவு. அங்கே தண்ணீர் உண்மையாகவே வரும். ஒரு வசனம் கூடியது, உடுக்கிற சாரம் ஒரு கட்டு நனைந்தது, தாஹிர் முதற்பிரதிக்குச் சம்மதித்தார்.

கதை கடைத்தெருவில் பரவியது. பாக்கியரத்தினம் வியர்க்க விறுவிறுக்க வந்தார்.

“ஒரு கட்டுச் சாரம் நனைஞ்சவனுக்கு முதற்பிரதியோ? முழுசாத் தாண்டவன் நானெல்லோ!”

“மாப்பிள்ளை வாசிப்பாரெண்டியள்?”

“கூரைவரைக்கும் விடுங்கோ. ஆக்கள் மேல்மாடியில ஏறித் தப்பினவை எண்டு மட்டும் சேருங்கோ.”

“உங்கட கடைக்கு மேல்மாடி இல்லையே.”

“நாளைக்கே கம்பி கட்டுறன். உங்கட கடல் வரமுதல் மாடி எழும்பும்.”

ஐந்து நாவலில் இன்றுதான் ஒரு மனிதன் குலசிங்கத்தாரின் கடலை நம்பியிருக்கிறான். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

“சுவர் எழும்பட்டும். எழுதுறன்.”

சுவர் எழும்பியது. புத்தகமும் வந்தது. ஊரடங்குக்கு முன் முடிக்கவேண்டும் என்று வாழ்த்துரைகளைப் பாதியில் வெட்டியதால் சபையோருக்கு அளவற்ற மகிழ்ச்சி. முதற்பிரதியை முதலாளிமார் இருவரும் ஆளுக்கொரு முனையில் இழுத்துப் பிடித்தபடி படம் எடுத்தார்கள். உறை இரண்டு வந்தது.

முன்வரிசையில் மூன்றாம் அத்தியாயத்தை முடித்த மாப்பிள்ளை, மேடையால் இறங்கி வந்த பாக்கியரத்தினத்தின் காதருகே குனிந்தார்.

“மாமா, இன்னொரு மாடி போட ஏலாதோ?”