ஸ்ட்ராத்பெஃபரில் ஒரு மதியம்

பேருந்திலிருந்து இறங்கும்போதே எஃபிக்கு அந்த வாடை அடித்தது. நோய் தீர்க்கும் என்று ஒரு காலத்தில் சீமான்கள் தேடி வந்து குடித்த கந்தகத் தண்ணீரின் வாடை. பத்தொன்பது வயதில் இந்த ஊர் ஓட்டலில் அவள் படுக்கை விரித்துக்கொண்டிருந்தாள். இங்கேதான் பிள்ளை பெற்றாள். ஆறாவது வாரம் தத்துக் கொடுத்துவிட்டாள். முப்பத்தொரு வருடம் கழித்து அந்தப் பிள்ளையே கடிதம் போட்டு வரச் சொல்லியிருந்தது.

ஊற்று மண்டபத்துக்கு எதிரே டீக்கடையில் அந்த மகள், ஜில்லியன், காத்திருந்தாள். ஏழு மாத வயிறு. எஃபி கட்டிக்கொள்ளக் கையை நீட்டினாள், அவள் கைகுலுக்கினாள்.

"உன்னை நான் மைரின்னு கூப்பிட்டேன்," என்றாள் எஃபி.

"அப்படியா? எனக்குத் தெரியாதுங்க."

கடைக்காரி ஸ்கோன் ரொட்டியும் வெண்ணெயும் கொண்டுவந்து வைத்தாள். "ஊத்துத் தண்ணி குடிச்சீங்களா? அழுகின முட்டை தோத்துப்போயிடும்!" என்று சிரித்தவள், இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். "அம்மாவும் பொண்ணுமா? அதே மூக்கு!"

"இல்லைங்க. எங்கம்மா எடின்பரோவுல இருக்காங்க," என்றாள் ஜில்லியன், படக்கென்று.

எஃபி கத்தியை எடுத்து ஸ்கோனை இரண்டாக அறுத்தாள். பிறகு நாலாக அறுத்தாள். வாயில் வைக்கவில்லை.

ஜில்லியன் நோட்டைத் திறந்தாள். "டாக்டர் குடும்பத்து வியாதியெல்லாம் கேட்டாரு. அதுக்குத்தான் வரச்சொன்னேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"எங்கம்மா நெஞ்சுவலியில போனாங்க. நாப்பத்தெட்டு வயசு."

"உங்களுக்கு?"

எஃபி தயங்கினாள். பரிதாபத்துக்குச் சொல்வதாக நினைத்துவிடுவாளோ? ஆனாலும் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்காகச் சொல்லித்தான் ஆகவேண்டும். "எனக்கும் அதேதான். அடுத்த மாசம் ஆபரேஷன்."

பேனா நிற்காமல் எழுதியது. அதன் பிறகுதான் ஜில்லியன் நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது. "நல்லபடியா முடியட்டும்ங்க. ஆனா இனிமே கடிதம் போடாதீங்க. எங்கம்மாவுக்கு இதெல்லாம் தெரிஞ்சா உடைஞ்சுபோயிடுவாங்க."

"சரிம்மா. குழந்தை பொறந்ததும் ஒரே ஒரு வரி மட்டும்..."

"முடிஞ்சா எழுதறேன்."

ஜில்லியனின் கார் வளைவைத் தாண்டி மறையும் வரை எஃபி வாசலில் நின்றாள். ஆபரேஷனில் பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்த முதல் நாளிலிருந்து தபால்காரன் வரும் நேரத்துக்குக் கதவருகே போய் நிற்க ஆரம்பித்தாள். வசந்தம் போய்க் கோடையும் போயிற்று. பேரனா பேத்தியா என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை.