காது அடைப்பான்

அவள் பள்ளி வேன் ஓட்டுகிறவள். விடிந்ததும் முப்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும். போன வாரம் சிக்னலில் நிற்கும்போதே கண் சொருகிவிட்டது. பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரனை அலறவிட்டுத்தான் எழுப்பினான். வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னதற்குப் பலன், ஒரு சின்ன டப்பா. உள்ளே இருப்பதைக் காதில் செருகிக்கொண்டால் வெளிச்சத்தமே கேட்காதாம்.

"என் குறட்டை இனிமே உனக்குக் கேட்கவே கேட்காது!" என்றார். மெத்தைக் கடையில் விற்பனையாளர். எதை நீட்டினாலும் கூடவே நிம்மதியையும் பொட்டலம் கட்டித் தருகிற தோரணை.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குறட்டை விடுகிறவர் இவர், காதை அடைத்துக்கொள்ள வேண்டியவள் அவளா? பரிசோதனைக்கு வரச் சொல்லி டாக்டர் சொன்னது போன வருஷம். "குறட்டைக்கெல்லாமா ஆஸ்பத்திரிக்குப் போவாங்க?" என்று தட்டிக் கழித்துவிட்டார். அதுவாவது போகட்டும். "ராத்திரியானா இவ என்னை உதைக்கிறா" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாரே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

அன்று ஞாயிறு. சாப்பிட வந்திருந்த நாத்தனார் வேறு, "எங்கண்ணன் மாதிரி யாரு அண்ணி பார்த்துப்பாங்க?" என்று உருகினாள். இவர்கள் வாயை அடைத்தால் போதுமென்று, மதியம் படுக்கும்போது அவள் அதைச் செருகிக்கொண்டாள்.

பொய் சொல்லக் கூடாது, சுகமாகத்தான் இருந்தது. அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள்.

விழித்தபோது பக்கத்தில் அவர் மல்லாந்து கிடந்தார். வாய் பிளந்திருந்தது. மார்பு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. உதைத்தாள். அசைவில்லை. தோளைப் பிடித்து உலுக்கு உலுக்கென்று உலுக்கினாள். தண்ணீரில் முங்கி எழுந்தவர்போல் இழுத்து மூச்சு வாங்கினார். கண்ணைக் கசக்கிக்கொண்டு ஏதோ சொன்னார். அவள் காதில் இருந்ததைப் பிடுங்கினாள்.

"பார்த்தியா, எவ்வளவு நல்லாத் தூங்கினே!" என்றார் மறுபடியும், முகமெல்லாம் பல்லாக.

டப்பாவை எடுத்துச் சுவரில் விட்டெறிந்தாள். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த நாத்தனார், "என்ன அண்ணி, பகல்லயும் உதையா?" என்று சிரித்தாள்.

"ஆமா, உதைதான்! குறட்டைக்கா உதைக்கிறேன்? குறட்டை நின்னாத்தான் உதைக்கிறேன். அது நின்னா உங்கண்ணனுக்கு மூச்சு நின்னுடுச்சுன்னு அர்த்தம். அதுக்குத்தான் தினமும் அரைத் தூக்கம் தூங்கறேன். இப்பக்கூட நின்னுதான் கெடந்துச்சு!"

நாத்தனாரின் சிரிப்பு அப்படியே உறைந்தது.

"இதை ஏன் நீ சொல்லவே இல்லை?" என்றார் அவர்.

"டாக்டர்கிட்ட போங்க, போங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்? காதுல எதையும் செருகாமலே உங்களுக்குக் கேட்கலையே!"

அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டார். பிறகு மெல்லக் கேட்டார்: "இன்னிக்கு ராத்திரி... உதைப்பேல்ல?"

"உங்க தங்கச்சி உட்கார்ந்து உதைக்கட்டும். விடிஞ்சதும் நீங்க நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. நான் தூங்கணும். முப்பது பிள்ளைங்க உசுரு என் கையில இருக்கு."