சுவர்ப்பலகையில் தொங்கிய குதிரை

நாலு பேர் அணியில் கடைசிப் பலகையில் ஆடியவர் என்பதால் கூட்டாளிகள் அவருக்கு வைத்த பெயர் நாலாம்பலகை. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய உலக அணிச் சதுரங்கப் போட்டியில் பத்து ஆட்டம் ஆடி ஒன்பதில் மண்ணைக் கவ்விய மனுஷன், ஒன்றில் மட்டும் சாம்பியன் நாட்டுக்காரனைத் திணறடித்து ஜெயித்தார். அந்தப் போட்டியின் சிறந்த ஆட்டங்கள் இப்போது புத்தகமாக வருகின்றன. அந்த ஒன்று அதில் ஏறுமா ஏறாதா என்பதுதான் ஒரு வாரமாக அவர் மனைவிக்குக் கவலை.

காலையில் தொகுப்பாளர் போன் செய்தார். "இருபத்துமூணாவது நகர்த்தல் இடிக்குதும்மா. குதிரை அந்தக் கட்டத்துக்குப் போகவே முடியாது. சார் ஆடும்போது நகர்த்தல்களை எழுதின குறிப்புத்தாள் இருந்தா சரிபார்த்துடலாம். சார் இல்லைங்கிறார். சாயங்காலத்துக்குள்ள கிடைக்கலைன்னா ஆட்டத்தை எடுத்துட வேண்டியதுதான்."

பஸ் டிக்கெட்டைக்கூடத் தூக்கிப் போடாத ஆசாமியிடமா இல்லை? அவள் பீரோவைக் குடைந்தாள். பழைய பாஸ்போர்ட் உறைக்குள் தாள் பத்திரமாக இருந்தது.

சாப்பாட்டு மேஜையில் காய்களைப் பரப்பி நகர்த்திப் பார்த்தாள். தாளின்படி ஆட்டம் தங்குதடையில்லாமல் ஓடியது. தொகுப்பாளர் வைத்திருந்த, போட்டி மண்டபத்தில் அன்று அச்சடித்துக் கொடுத்த பிரதியில்தான் குதிரை பக்கத்துக் கட்டத்தில் நின்றது. அந்தப் பிரதி, பார்வையாளர்களுக்காகச் சுவரில் மாட்டியிருந்த பெரிய பலகையைப் பார்த்து எழுதியது. அந்தப் பலகையில் கம்பால் காய்களைக் கொக்கியில் மாட்டியவள் வேறு யாருமில்லை, அவளேதான்.

"என் கையில ஒரு காய் தப்பினதில்ல" என்று சம்பந்தி வரைக்கும் பீற்றிக்கொண்டது நினைவுக்கு வந்தது. முகம் சுண்டிப்போயிற்று.

தாளைக் கொண்டுபோய் அவர் மடியில் போட்டாள்.

"எப்போ தெரியும்?"

"அன்னிக்கே. நிமிர்ந்து பார்த்தேன், குதிரை தப்பா தொங்கிச்சு."

"நடுவர்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா உன்னை இறக்கிவிட்டுட்டு வேற ஆளை ஏத்தியிருப்பாங்க."

"சரி, இப்போ?"

"ஜெயிச்சது எனக்குத் தெரியும்ல. புத்தகத்துல வரலைன்னா குடியா முழுகிடும்? நீ ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கிறதை நான் போய்ப் பொய்யாக்கணுமா?"

ஜெயித்த ஒரே ஆட்டத்தையும் தன்னுடைய வாய்ச்சவடாலுக்காகத் தாரைவார்க்கப் பார்த்தாரே, பாவி மனுஷன், என்று அவளுக்குக் கோபமும் பாசமும் சேர்ந்து பொங்கின.

போனை எடுத்தாள். "தாள் கிடைச்சிடுச்சு தம்பி. கீழே ஒரு குறிப்பும் போடுங்க. குதிரையைத் தப்பா மாட்டினது ஆட்டக்காரரோட மனைவி."

"நீங்களா? எப்படிம்மா தப்பாச்சு?"

"யோசிக்கும்போது இவர் தன் காதை முறுக்குவார். பலகையை விட்டுட்டு அதைப் பார்த்துட்டிருந்தேன்."

பக்கத்திலிருந்து நாலாம்பலகை காதை முறுக்கிக்கொண்டே, "அப்போ நீ மனைவி இல்லையே, அதைத் திருத்தச் சொல்லு" என்றார்.

"அது அப்படியே இருக்கட்டும்" என்றாள் அவள். "அந்தக் குதிரையை மாட்டும்போதே நான் முடிவு பண்ணிட்டேன்."