கூவினால் சேவல்

அக்கா தன் கணவனை விட்டு என் அறைக்கு வந்தபோது கொண்டு வந்தது ஒரு துணிப்பையும் கேட்காத ஒரு காதும்தான். காதுக்கு என்ன என்று கேட்டேன். "சளி" என்றாள். சளிக்குக் கன்னத்தில் விரல் தடம் விழுமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமா, கேட்காமல் விட்டதுதான் சரியா என்று இப்போதும் எனக்குத் தெளிவில்லை.

என்னுடையது மாடியில் ஒரே அறை. அதையொட்டிச் சமையல் மேடை, பின்னால் முற்றம் போலத் திறந்த சிமெண்டுத் தளம். பகலில் திரைச்சீலைக் கடையில் துணி அளந்து வெட்டுகிறேன். மாலையில் கணக்கியல் வகுப்புக்குப் போகிறேன். திரும்பி வரும்போது அக்கா காலையில் படுத்திருந்தபடியே சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். நல்ல காதைத் தலையணையில் அழுத்தி வைத்திருப்பாள். அப்படிப் படுத்தால் அவளுக்கு எந்தச் சத்தமும் வராது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா சரக்கு வேனைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு ஃபோன் செய்வார். "போதும் கோபம். கிளம்பி வா" என்பார். அதட்ட மாட்டார். அக்கா ஜன்னல் வரை போய் நிற்பாள், வேனைப் பார்ப்பாள், திரும்பி வந்து படுப்பாள். என்றாவது ஒருநாள் ஜன்னலிலிருந்து திரும்பாமல் நேரே வாசலுக்குப் போய்விடுவாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. 'வரமாட்டேன்' என்ற சொல் அவளிடம் இல்லை. அந்த வீட்டில் அவள் எதற்கு வாய் திறந்தாலும், பால்காரனை மாற்றலாமா என்று கேட்டால்கூட, மாமா சிரித்துக்கொண்டே சொல்வது ஒன்றுதான்: "பெட்டைக் கோழி கூவிப் பொழுது விடியுமா?"

என் வகுப்பில் கால்நடை மருத்துவமனையில் வேலை பார்க்கிற ஒருவன் உண்டு. நாங்கள் அவனைக் கம்பவுண்டர் என்போம். யாரோ அழகுக்கு வளர்க்கும் நான்கு சில்க்கிக் கோழிகளை அட்டைப்பெட்டியில் வைத்து மருத்துவமனை வாசலில் விட்டுப் போய்விட்டார்களாம். "வளர்க்க ஆள் இருந்தா சொல்லு. இல்லைன்னா பெரிய டாக்டர் என் தலையில கட்டிடுவார்" என்றான். அக்காவைக் கேட்காமலே சரி என்றேன். அப்படி யோசிக்காமல் நான் சரி சொன்னது அநேகமாக அது ஒன்றுதான்.

பெட்டியைத் திறந்ததும் அக்கா எழுந்து உட்கார்ந்தாள்.

"இது என்னடி, கோழியா பூனையா?"

இறகு இறகாகவே இல்லை. வெள்ளை முடிபோல இருந்தது. ஊதி விலக்கிப் பார்த்தால் உள்ளே தோல் கறுப்பு. காலிலும் முடி, ஐந்து விரல். பாதி வளர்ந்தவை. அவற்றில் ஒன்று மற்ற மூன்றையும் தள்ளிக்கொண்டு முதலில் வெளியே வந்து, அறையைச் சுற்றி நடந்து, எல்லாவற்றையும் தலையைச் சாய்த்துப் பார்த்தது.

"வந்துட்டார்பா சூப்பர்வைசர்" என்றாள் அக்கா. அவள் வந்த பிறகு சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அது. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அந்த ஞாயிறு மாமா ஃபோன் செய்தபோது அக்கா ஜன்னலுக்குப் போகவில்லை. முற்றத்தில் தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே, "கோழிங்களை விட்டுட்டு எப்படிங்க வர்றது?" என்றாள். அவளிடம் ஒரு பதில் இருந்தது. கோழிகள் இருக்கும்வரை அவளும் இருப்பாள் என்று நான் புரிந்துகொண்டேன்.

வீட்டுக்காரம்மா கீழ்த்தளத்தில் இருப்பவர். படியேறி வந்து பார்த்தார். "பவுடர் பூசுற பஞ்சுக்குக் கால் முளைச்ச மாதிரி இருக்கு" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "இங்க பாரும்மா. எங்க வீட்டுக்காரர் ராத்திரி ஷிஃப்ட். விடியக்காலைலதான் வந்து படுப்பார். பெட்டைன்னா இருக்கட்டும். சேவல் ஒண்ணு கூவுச்சு, அன்னிக்கே வெளியே. சொல்லிட்டேன்."

நான்கில் எது சேவல் என்று கண்டுபிடிப்பது என் வேலையானது. மற்ற கோழிகளில் பார்த்தவுடன் தெரியுமாம். சில்க்கியில் நன்றாக வளரும்வரை தெரியாதாம். கம்பவுண்டர் அடையாளங்கள் சொன்னான். பெட்டையின் குடுமி பஞ்சுருண்டை போலத் திரண்டு நிற்கும். சேவலின் குடுமி சீப்பு போட்டு வாரியதுபோலப் பின்னால் ஓடும். சேவலுக்கு மூக்குக்கு மேல் சதைக்கொண்டை தடித்து வரும், தாடி தொங்கும். நான் தினமும் ஒவ்வொன்றாக மடியில் வைத்துப் பார்த்தேன். பார்த்ததைத் திரும்பவும் பார்த்தேன். நான்கு குடுமிகளும் உருண்டைதான். சூப்பர்வைசரின் கொண்டை மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் தடிப்போ என்று தோன்றும். மறுநாள் தோன்றாது.

"என்னதான்டி சொல்ற?" என்றாள் அக்கா.

"நாலும் பெட்டைதான். அநேகமா."

"உனக்குப் பேரே அநேகமான்னு வெச்சிருக்கலாம்."

அக்கா வெயிலில் உட்கார ஆரம்பித்தாள். சூப்பர்வைசர் அவள் மடியில் ஏறி, கேட்காத காதருகே அலகை வைத்து ஏதோ முணுமுணுக்கும். "ரகசியமெல்லாம் இந்தப் பக்கம் சொல்லாதே, வேஸ்ட்" என்பாள். பட்டன் தைக்கும் வேலை ஒன்றை வீட்டுக்கு வாங்கி வந்தாள். அவள் கால்மாட்டில் நான்கும் கிடக்கும்.

பிறகு ஒரு விடியற்காலை முற்றத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது. முதலில் கரகரப்பாக, உடைந்த சைக்கிள் ஹாரன் போல. இரண்டாம் முறை சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஓடினேன். சூப்பர்வைசர் கவிழ்த்த வாளியின் மேல் நின்று, கழுத்தை நீட்டி, கண்ணை மூடிக் கூவிக்கொண்டிருந்தது. போர்வையைப் போட்டு மூடினேன். போர்வைக்குள்ளும் கூவியது. அக்கா நல்ல காது தலையணையில் இருக்க, அமைதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குச் செய்தி வீட்டுக்காரம்மா கதவைத் தட்டியபோதுதான் தெரிந்தது.

"இன்னிக்குள்ள அந்தச் சேவல் போகணும். மத்தது இருக்கட்டும், நான் ஒண்ணும் ராட்சசி இல்ல."

நான் குடுமியைப் பார்த்தேன். உருண்டைதான். "அக்கா, இது பெட்டை மாதிரிதான் எனக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"பெட்டை கூவுமாடி?" என்றாள் அக்கா.

அந்தப் பழமொழியை நானும் சின்ன வயதிலிருந்து கேட்டவள். கூவிப் பொழுது விடியுமா என்றுதான் அது கேட்கிறது. கூவுமா கூவாதா என்று அது எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் எங்கள் இருவர் காதிலும் அது வேறு மாதிரிதான் விழுந்திருந்தது.

சேவலை வளர்க்க யாரும் முன்வரவில்லை. கம்பவுண்டர் மருத்துவமனையில் ஏற்கெனவே அநாதைச் சேவல்கள் கூண்டில் அடித்துக்கொள்கின்றன என்றான். மூன்றைக் காப்பாற்ற ஒன்றைக் கொடுக்க வேண்டும். அக்காவே துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு தெருமுனைக் கறிக்கடைக்குப் போனாள். நானும் போனேன். துண்டிலிருந்து எடுத்து, தன் கையாலேயே கொடுத்தாள். அது கடையைத் தலை சாய்த்து ஒரு சுற்றுப் பார்த்தது.

வழியில் தீனி வாங்கிக்கொண்டு நாங்கள் பாதித் தெரு வருவதற்குள் கறிக்கடைக்காரர் கூப்பிட்டார்.

"தங்கச்சி, யாரு இதைச் சேவல்னு சொன்னது?"

பலகையில் கறுப்புத் தோல், கறுப்புச் சதை. அதற்கு நடுவில் பெரிதும் சிறிதுமாக மஞ்சள் கருக்கள் கொத்தாகக் கிடந்தன. ஓடு கட்டிய முட்டை ஒன்றும் இருந்தது.

"நாளைக்குப் போட்டிருக்கும். முதல் முட்டை போல. எலும்புகூடக் கறுப்பா இருக்கே, இதை யார் வாங்குவா?" என்று அவர் தனக்குள் பேசிக்கொண்டார். அக்கா அந்த முட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு துண்டை மடித்தாள். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, மீண்டும் மடித்தாள்.

அன்று மாலை வகுப்பில் கம்பவுண்டரைப் பிடித்துக்கொண்டேன்.

"கூவும்" என்றான் சாதாரணமாக. "சேவல் இல்லாத கூட்டத்துல சில சமயம் தலைவி கூவும். அது போயிட்டா அடுத்தது ஆரம்பிச்சாலும் ஆரம்பிக்கும்."

"முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே?"

"நீ கேட்டது எது சேவல், எது பெட்டைன்னு. பெட்டை கூவுமான்னு நீ கேட்கவே இல்லையே."

அக்கா மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பினாள். ஆனால் தீனி வைக்க எழுந்தாள். அது எனக்குப் போதுமாக இருந்தது. வாரம் முடிவதற்குள் இன்னொன்று வாளியின் மேல் ஏறியது. திருட்டுமுழி என்று அக்கா கூப்பிடும் கோழி. முந்தின நாள்தான் முட்டையிட்டிருந்தது. அது கூவியது.

நான் அந்த முட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். "அம்மா, பாருங்க. இது பெட்டை. முட்டை போட்டிருக்கு. சேவல் இல்லை, சத்தியமா." இந்த முறை நான் அநேகமாக என்று சொல்லவில்லை.

வீட்டுக்காரம்மா முட்டையை வாங்கிப் பார்த்து, கவனமாகத் திருப்பிக் கொடுத்தார். உள்ளே அவர் கணவர் இருமும் சத்தம் கேட்டது.

"முட்டை போட்ட சத்தத்துலயாம்மா அவர் எழுந்து உட்கார்ந்திருக்கார்? கூவுனா சேவல்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள்ள மொத்தத்தையும் காலி பண்ணிடு. இல்லைன்னா நீயும் வேற இடம் பாரு."

வேறு இடம் பார்த்தேன். முன்பணம் கேட்பதற்கு முன்பே எல்லோரும் கோழியைப் பற்றித்தான் கேட்டார்கள். மருத்துவமனையில் விட்டுவிடலாமா என்று அக்காவிடம் கேட்டேன்.

"இனிமே ஒண்ணைக்கூட நான் கையில எடுத்துக் கொடுக்க மாட்டேன்."

அவள் ஒன்றை மறுத்து அவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை. அதில் எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷம்கூட வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஃபோன் வந்ததும் அக்கா நடந்ததையெல்லாம் மாமாவிடம் சொன்னாள். அவர் சிரிப்பது எனக்கே கேட்டது. "இதுக்கா இவ்வளவு? எல்லாத்தையும் எடுத்துட்டு வா. நம்ம வீட்டுக்குப் பின்னால அவ்வளவு இடம் சும்மாதானே கிடக்கு? தொண்டை கிழியக் கூவட்டும். யார் கேட்கப் போறா?"

துணிப்பையை ஏற்கெனவே கட்டி வைத்திருந்தாள்.

"அக்கா, வேண்டாம். நான் இன்னும் ரெண்டு இடத்துல கேட்டிருக்கேன்."

"எதுக்கு? அங்கே அதுங்க கூவலாமாம்டி. அவரே சொல்லிட்டார்."

"நீ?"

அவள் கேட்காத காதை என் பக்கம் திருப்பியிருந்தாள். கேட்கவில்லையா, பதில் சொல்ல விரும்பவில்லையா, எனக்குத் தெரியவில்லை. அட்டைப்பெட்டியில் கோழிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தாள். ஒரு பக்கம் அவளும் ஒரு பக்கம் நானும் பிடித்துத் தெருமுனைவரை சுமந்தோம். மாமா இறங்கி வந்து பெட்டியை வாங்கி, இருக்கைக்குப் பின்னால் பத்திரமாக வைத்தார். "என்ன கணக்குப்பிள்ளை, பரீட்சை எப்போ?" என்று என்னைக் கேட்டார். நல்லபடியாகத்தான் கேட்டார்.

அக்கா ஏறி உட்கார்ந்து, மாமா வேனைக் கிளப்பியதும் பெட்டிக்குள்ளிருந்து திருட்டுமுழி கூவியது. மாமா பின்னால் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"அட, இது சேவல்தானே?"

திருட்டுமுழி முந்தைய நாள் இட்ட முட்டை எங்கள் சமையல் மேடையில் இருந்தது. அக்காவே எடுத்து வைத்தது. அவள் பக்கத்துக் கண்ணாடி இறக்கியிருந்ததால் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஆமாங்க" என்றாள். "சேவல்தான்."