குறுக்குப் பக்கத்தில் கிடந்த வரைவு

"வரைவ வெச்சுக்கிட்டு யாரும் பட்டம் வாங்க முடியாது, செனோரித்தா" என்றார் நடுவர் டாக்டர் உரியோஸ்தே. சொல்லிவிட்டு என் ஆய்வேட்டின் அறுபத்தொன்றாம் பக்கத்தை என் பக்கமாகத் திருப்பிக் காட்டினார்.

என் தெருவின் மழைநீர் வடிகால் வரைபடம். அதன் மேல், ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரைக்கும், உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிற எழுத்தில் 'வரைவு'.

எங்கள் துறையில் இது ஒரு வழக்கம். ஆய்வேடு எழுதும் கணினிக் கோப்பையே துறைதான் கொடுக்கும். ஒவ்வொரு பக்கத்தின் பின்னாலும் அந்தச் சொல் நிழலாகக் கிடக்கும். வழிகாட்டி கையெழுத்துப் போடும்வரை அதைத் தொடக்கூடாது. போட்டபிறகு எடுத்துவிட்டு, சுத்தமாக அச்சடித்து, சுருள் கம்பி போட்ட மூன்று பிரதிகளை நடுவர் மேசையில் வைத்தால்தான் வாய்மொழித் தேர்வு. வழிகாட்டி போன வாரமே கையெழுத்துப் போட்டாயிற்று. நிழலை எடுக்கும் வேலையை எதிர்ப்புற நகலகத்து ரென்சோவிடம் விட்டிருந்தேன். அவன் எடுத்த லட்சணம் இது.

"பதினோரு மணிக்கு ஆரம்பிக்கணும்" என்றார் உரியோஸ்தே, கடிகாரத்தைப் பார்த்து. "அதுக்குள்ள சுத்தமான பிரதி மூணும் மேசைக்கு வரலேன்னா ஒத்திவெச்சதா எழுதிடுவேன்."

பத்தரை ஆகியிருந்தது. இந்த மனிதர் என்னை ஏற்கெனவே இரண்டுமுறை ஒத்திவைத்தவர். ஒருமுறை, பக்க ஓரம் அரை சென்டிமீட்டர் குறைகிறதாம். இன்னொருமுறை, அடிக்குறிப்பு எழுத்து பெரிதாக இருக்கிறதாம். மூன்றாவது முறை ஒத்திவைத்தால் அந்தத் தலைப்பே செத்துப்போகும். வேறு தலைப்பில் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதுதான் விதி. எங்கள் எல் ஆல்ட்டோ நகரில் ஜனவரி மழைக்கு எங்கள் தெரு முழங்காலளவு முழுகுவதைப் பற்றி நான்கு வருடம் அளந்து எழுதியதை, ஒரு நிழலுக்காகக் குப்பையில் போடுவதா?

மூன்று பிரதியையும் வாரிக்கொண்டு கதவைத் திறந்து ஓடினேன்.

அங்கேதான் அடுத்த வினை காத்திருந்தது.

கதவு திறந்தால் தேறிவிட்டாள் என்று அர்த்தம். ஊர் வழக்கம் அப்படி. என் வீட்டில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். மூடிய கதவுக்கு வெளியே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று அவர்களில் யாருக்குத் தெரியும்? எலோய் மாமா கண்ணை மூடிக்கொண்டு தூபாவை, அந்தப் பெரிய பித்தளைக் குழலை, ஊதினார். பின்னால் நின்ற அவர் வாத்தியக் குழுவின் எட்டுப்பேரும் எக்காளம், முரசு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கிளப்பினார்கள். நடைபாதை முழுக்க மொரெனாதா ஆட்டத்தின் தாளம். அம்மா, புதுப் பாவாடையும் தொப்பியுமாக, மடியில் வைத்திருந்த பை முழுவதையும் என் தலையில் கவிழ்த்தாள். மிஸ்துரா. வெள்ளையும் பச்சையும் ரோஜாநிறமுமாகப் பொட்டுப் பொட்டாகக் காகிதம். வாய்க்குள்ளேயும் போயிற்று.

"என் தங்கமே! என் இன்ஜினியரே!"

"நிறுத்துங்க! இன்னும் ஆரம்பிக்கவே இல்ல!"

"என்னது?"

"ஆரம்பிக்கல மா! பேப்பர்ல தப்பு! மாமா, ஊதறத நிறுத்து!"

மாமா கண்ணைத் திறந்தார். தூபா ஒரு ஏப்பம் விட்டு அடங்கியது. முரசுக்காரர் மட்டும் கேட்காமல் இரண்டடி அடித்துவிட்டு நின்றார்.

"கதவு தொறந்துச்சேடி" என்றாள் அம்மா. "நான் மொத்தப் பையையும் கொட்டிட்டேனே."

"அள்ளிக்கலாம் விடு அக்கா" என்றார் மாமா.

"அள்றதா? தலையில விழுந்தத எவனாவது திரும்ப அள்ளுவானா? அபசகுனம் புடிச்சவனே." என்னிடம் திரும்பினாள். "நீ ஓடு. தலையத் தட்டிவிடாத. விழுந்தது விழுந்ததாவே இருக்கட்டும்."

தெருவைக் கடந்தேன். மினிபஸ்காரன் ஒருவன் ஜன்னலில் தலையை நீட்டி, "கல்யாண மேடையிலேருந்து தலைதெறிக்க ஓடிவர்றியா?" என்று கத்தினான். பதில் சொல்ல நேரமில்லை. இருந்திருந்தால் நல்ல பதில் வைத்திருந்தேன்.

ரென்சோ இறைச்சிக் குழம்பு அடைத்த சல்தேன்யா அப்பத்தைத் தின்றுகொண்டிருந்தான். குழம்பு கைமுட்டி வரை வழிந்தது.

"வாங்க இன்ஜினியரம்மா! தேறிட்டீங்களா?"

நான் அறுபத்தொன்றாம் பக்கத்தை அவன் மூக்குக்கு முன்னால் நீட்டினேன். அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

"எடுத்தேனே! 'நீர்க்குறியை நீக்கு'ன்னு இருக்கிற பட்டனை அழுத்தினேன். முதல் பக்கத்துல போயிடுச்சு. பாத்தேன்."

"முதல் பக்கத்தத்தான் பாத்த."

"எல்லாரும் முதல் பக்கத்தத்தான பாக்கறாங்க?"

"உரியோஸ்தே அதோட நிக்கல. கையத் தொடச்சிட்டு எந்திரி."

அவன் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். கோப்பைத் திறந்து அந்தப் பட்டனை நானும் அழுத்திப் பார்த்தேன். முதல் பக்கம் சுத்தம், அறுபது வரை சுத்தம். அறுபத்தொன்றில் கல்லுக்குண்டு மாதிரி 'வரைவு' அசையவில்லை.

"வெள்ளைப் பெட்டி ஒண்ணு வெச்சு மறைச்சிடலாமா?" என்றான் ரென்சோ.

"வரைபடமும் சேர்ந்து மறையும். எது வடிகால், எது தெருன்னு நீ வந்து சொல்றியா?"

"அப்ப அழிப்பான் மை? ஒரு பாட்டில் இருக்கு."

"வாய மூடு ரென்சோ."

யோசித்தேன். அறுபதுக்கும் அறுபத்தொன்றுக்கும் என்ன வித்தியாசம்? அறுபது நெட்டையாக நிற்கிறது, அறுபத்தொன்று படுத்திருக்கிறது. வரைபடம் அகலமானது என்பதால் பக்கத்தைக் குறுக்கே திருப்பியிருந்தேன். திருப்ப வேண்டுமென்றால் அந்த இடத்தில் கோப்பைத் தனிப் பகுதியாக வெட்ட வேண்டும். வெட்டியபோது பழைய பகுதியில் கிடந்ததெல்லாம் புதிய பகுதிக்கும் ஒரு நகல் வந்து உட்கார்ந்துவிட்டது. நிழலும்தான்.

எங்கள் தெருச் சாக்கடையேதான் இது! மேல்தெருக் குழியைத் தூர்வாரிவிட்டுக் கீழ்த்தெரு ஏன் பொங்குகிறது என்று நகராட்சி ஆட்கள் முழிப்பார்கள். குழாய் ஒன்றாகத் தெரிந்தாலும் குழி தனித்தனி. ஒவ்வொன்றாக இறங்கித்தான் எடுக்க வேண்டும்.

பக்கத்தின் மேல் ஓரத்தில் இரண்டுமுறை தட்டினேன். தலைப்பு எழுதும் பட்டை திறந்தது. அந்த நிழல் பக்கத்தின் நடுவில் தெரிந்தாலும் அதன் வேர் அந்தப் பட்டைக்குள் இருக்கிறது. எழுத்தின் மேல் அம்பைக் கொண்டுபோய் அழுத்தினேன். சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளிகள் தோன்றின. பிடிபட்டான்! அழித்தேன். போய்விட்டது!

"அம்மாடி!" என்றான் ரென்சோ.

அடுத்த குறுக்குப் பகுதி, எழுபத்தெட்டாம் பக்கம். தட்டு, பிடி, அழி. அதற்கடுத்தது தொண்ணூறு. தட்டு, பிடி, அழி. நாற்காலியில் உட்காரவே முடியவில்லை, எழுந்து நின்றுகொண்டே செய்தேன். என் தலையிலிருந்து காகிதப் பொட்டுகள் விசைப்பலகையில் உதிர்ந்தன.

"குறுக்குப் பக்கங்கள மட்டும் அச்சடி!"

எந்திரம் முனகிக்கொண்டு துப்பியது. ரென்சோ ஒவ்வொரு தாளாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். இப்போது மட்டும் மருந்துக்கடைக்காரன் மாதிரி அவ்வளவு கவனம்.

"இன்ஜினியரம்மா."

"என்ன?"

"எழுபத்தெட்டு."

'வரைவு' அப்படியே கிடந்தது. நான் அழித்தது அடுத்த பக்கத்தில் இருந்ததை. கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன். என் பின்னாலேயே கடை வாசலுக்கு வந்து நின்றிருந்த அம்மா தொப்பியைச் சரிசெய்துகொண்டு கேட்காத மாதிரி இருந்தாள். மணி பத்து ஐம்பது.

மறுபடி அந்தப் பட்டைக்குள் போனேன். 'முதல் பக்கம் வேறாக' என்ற இடத்தில் ஒரு சரிக்குறி. அந்தப் பகுதியின் முதல் பக்கத்துக்கு மட்டும் தனிப் பட்டை. குழிக்குள் ஒரு குழி. நல்ல கெட்டிக்காரத்தனம், யார் செய்தது? நான்தான், பக்க எண் போடும்போது. தட்டினேன், பிடித்தேன், அழித்தேன். இந்தமுறை கோப்பை மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்த்தேன். முன்னுரை, மழை அட்டவணை, மூன்று வரைபடம், நன்றியுரையில் அம்மாவின் பெயர். எங்கும் ஒரு நிழலும் இல்லை.

"இப்ப அச்சடி ரென்சோ!"

புதுத்தாள்களுக்குத் துளைபோடும் எந்திரத்தின் கைப்பிடியை அம்மா பிடுங்கிக்கொண்டாள். சந்தையில் பிளாஸ்டிக் வாளி விற்கிற கை. இருபது தாளை ஒரே அழுத்தில் துளைத்தாள். ரென்சோ சுருள் கம்பியைப் பிரித்தான், பழைய தாளை உருவினான், புதியதைக் கோத்தான்.

"இந்தப் பழைய தாள் எல்லாம் எனக்கு வேணும்" என்றாள் அம்மா.

"எடுத்துக்கங்க மாமி. இனாம்."

எதற்கு என்று கேட்க நான் நிற்கவில்லை.

மூன்று பிரதியும் மேசையில் விழுந்தபோது சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றாகச் சற்றே பாக்கி இருந்தது. உரியோஸ்தே பக்கம் பக்கமாகப் புரட்டினார். அறுபத்தொன்று. எழுபத்தெட்டில் விரலால் தடவிக்கூடப் பார்த்தார். தொண்ணூறு. என் தலையிலிருந்து ஒரு ரோஜாநிறப் பொட்டு அவர் பிரதியின்மேல் விழுந்தது.

"இது என்ன?"

"மிஸ்துரா, டாக்டர்."

"தேர்வே இன்னும் முடியலையே."

"எங்க வீட்ல கொஞ்சம் அவசரக்காரங்க."

மற்ற இரண்டு நடுவர்களும் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. "உங்க தெருவுல வெள்ளம் வருதுன்னு எதை வெச்சுச் சொல்றீங்க?" என்றார்.

"எங்கம்மா கடை வாளியெல்லாம் மிதந்துபோச்சு, டாக்டர். அது போதாதுன்னா நாப்பத்துநாலாம் பக்கத்துல மழை அளவு இருக்கு. நானே நின்னு அளந்தது. அதுலயும் சந்தேகம்னா ஜனவரியில வாங்க, பூட்ஸ் நான் தர்றேன்."

வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் அதற்கப்புறம் ஓரத்தைப் பற்றியோ எழுத்தின் அளவைப் பற்றியோ அவர் வாயைத் திறக்கவில்லை. குழாயின் சரிவைக் கேட்டார், சொன்னேன். செலவைக் கேட்டார், சொன்னேன். ஒருமணி நேரம் கழித்து மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். அவர் பேனாதான் கடைசியாக அசைந்தது.

கதவைத் திறந்தேன்.

ஒரு சத்தமும் இல்லை. எலோய் மாமா தூபாவை மார்போடு அணைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். இரண்டாவது தடவை ஏமாறக் கூடாது என்று ஒன்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"சொல்லித் தொலையேண்டி" என்றாள் அம்மா.

"ஊது மாமா!"

தூபா வெடித்தது. அம்மா மடியை விரித்தாள். துளை எந்திரத்தின் தட்டையே காலிசெய்துகொண்டு வந்திருந்தாள். அது போதாதென்று பழைய தாள்களையும் பொட்டுப் பொட்டாகத் துளைத்துத் தள்ளியிருந்தாள். எல்லாம் வெறும் வெள்ளை, நடுநடுவே 'வரைவு' எழுத்தின் சாம்பல்.

"கலர் இல்லடி, மன்னிச்சுக்கோ" என்று சொல்லி இரண்டு கையாலும் அள்ளிக் கொட்டினாள்.

அந்தச் சாம்பல் பொட்டுகளை மிதித்துக்கொண்டு நடைபாதை முழுக்க ஆடினோம்.